வெளிநாட்டில் பெற்ற கூலியும் நம் நாட்டு வரிக் கணக்கும்

தளவாய்புரத்தில் தறியும் தையல் எந்திரமும் ஓடும் வீடுகளிலிருந்தும், சுற்றுப்புறத்துத் தோட்டக்கார வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் புறப்படுவது இன்று அதிசயமன்று. படிக்கும்போதே கடையிலோ உணவு விடுதியிலோ சில மணி நேரம் வேலை செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். நம் அங்கத்தினர் ஒருவர் சென்ற மாதம் சங்கத்துக்கு வந்து, "அண்ணாச்சி, பையன் சம்பளத்தில் அங்கேயே வரி பிடித்துவிட்டான். பிறகு இங்கே எதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்?" என்று வினவினார். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை காண, வரி பிடித்த இடத்தைப் பார்த்தால் போதாது. பையன் அந்த வருஷத்தில் இந்நாட்டில் எத்தனை நாள் இருந்தான் என்பதை எண்ண வேண்டும்.

வருமான வரிச் சட்டத்தின்படி, ஏப்ரல் முதல் மார்ச் முடியவுள்ள வருஷத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தவர் இந்நாட்டு வாசியாவார். இவ்வளவு பலரும் அறிந்ததே. அறியாதது அடுத்த விதி. முந்தைய நான்கு வருஷங்களில் மொத்தம் 365 நாளேனும் இங்கே இருந்தவர், நடப்பு வருஷத்தில் 60 நாள் இருந்தாலே வாசியாகிவிடுவார். வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியப் பிரஜைக்கு இந்த 60 நாள் விதி தளர்த்தப்பட்டுள்ளது. படிப்புக்காகப் புறப்படுபவருக்கு அத்தளர்வு எழுத்தில் இல்லை.

மேற்சொன்ன அங்கத்தினரின் மகன் 2025 செப்டம்பர் 10ஆம் தேதி விமானம் ஏறினான். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் 163 நாள் ஆகிறது. 182க்குக் குறைவென்று பார்த்து, 'வெளிநாட்டு வாசி' என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறந்தது முதல் இங்கேயே இருந்த பிள்ளை ஆதலால் 60 நாள் விதி அவனைப் பிடித்துக்கொள்கிறது. 2025-26ஆம் வருஷத்துக்கு அவன் இந்நாட்டு வாசியே. உலகில் எங்கு ஈட்டிய வருமானமும் இங்கே கணக்கில் வர வேண்டும்.

குழப்பத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களை அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நோக்கத்துக்கு வெளிநாட்டு வாசிகளாகவே கருதலாம் என்று ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரில் சுற்றறிக்கை விடுத்தது. ஆகவே வங்கியில் அவன் வெளிநாட்டு வாசி. வரி இலாகாவில் அதே வருஷத்தில் உள்நாட்டு வாசி. ஒருவனே இரண்டு வேஷம் போடுவது விநோதமாகத் தோன்றும். இரண்டு சட்டங்களின் அளவுகோலும் வெவ்வேறு, அவ்வளவே.

சரி, வரி எவ்வளவு வரும்? அக்டோபர் நடுவில் தொடங்கி மார்ச் முடிய 24 வாரம், வாரம் 20 மணி நேரம் வேலை செய்ததாகக் கொள்வோம். 21 வயது நிரம்பியவருக்கு அவ்வருஷத்தில் பிரிட்டனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. மொத்தம் சுமார் 5,860 பவுண்டு. அந்நாட்டில் 12,570 பவுண்டு வரை வரியில்லை. ஆகையால் வழியில் பிடித்த வரி இருந்தால் அதைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். கணக்குக்காகப் பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 6,73,900 ரூபாய். புதிய வரித் திட்டத்தில் சம்பளக் கழிவு 75,000 போக 5,98,900. 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதமாக 9,945 ரூபாய் வரி வரும். 12 லட்சம் வரை வருமானமுள்ள வாசிக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் அதுவும் அடிபட்டுப் போகிறது. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. உண்மையான கணக்கில் ரூபாய் மதிப்பை இப்படி உத்தேசமாகப் போடக்கூடாது. ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கி அந்நியப் பணத்தை வாங்கிய விலையைக் கொள்ள வேண்டும்.

வரி இல்லையென்றால் கணக்கும் வேண்டாம் என்று எண்ணுவதுதான் பலரும் செய்யும் பிழை. சாதாரண வாசி ஒருவருக்கு வெளிநாட்டில் வங்கிக் கணக்கு இருந்தால், வருமானம் எவ்வளவு குறைவானாலும் அவர் கணக்குத் தாக்கல் செய்தே தீர வேண்டும். அதுவும் சுருக்கமான முதற் படிவத்தில் அன்று, ஐ.டி.ஆர்.-2 படிவத்தில், அந்நியச் சொத்து அட்டவணையை நிரப்பித் தர வேண்டும். 2015ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டம், வெளிநாட்டுச் சொத்தை மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் இவ்வபராதம் இல்லை. அபராதம் நீங்கியதே தவிர, தாக்கல் செய்யும் கடமை நீங்கவில்லை. பிற நாட்டு வங்கிகளின் கணக்கு விவரம் 2017 முதல் நம் சர்க்காருக்குத் தானாகவே வந்துகொண்டிருக்கிறது என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்வது நலம். முதல் கடிதம் வரிக்காகவன்றி விளக்கத்துக்காக வந்தாலும், ஊரிலுள்ள தகப்பனாருக்குத் தூக்கம் போய்விடும்.

அங்கே கட்டி, திரும்பப் பெற முடியாத வரிக்கு இங்கே ஈடு உண்டு. பிரிட்டனோடு 1993லும் அமெரிக்காவோடு 1989லும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இதற்கு வழி செய்கின்றன. ஆனால் அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி, அங்கே கட்டிய வரி இவற்றில் எது குறைவோ அதுவே ஈடாகும். இங்கே வரி பூஜ்யமென்றால் ஈடும் பூஜ்யமே. அங்கே கட்டியதை நம் சர்க்கார் ரொக்கமாகத் தராது. ஈடு கோருவோர் 2025-26ஆம் வருஷத்துக்குப் படிவம் 67ஐ, கட்டியதற்கான அத்தாட்சியுடன் சமர்ப்பிக்க வேண்டும். அமெரிக்கா சென்ற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அந்நாட்டின் நிலையான கழிவு வேற்று நாட்டு மாணவருக்குப் பொதுவாகக் கிடையாது, இந்திய மாணவருக்கு ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால் கிடைக்கிறது. இதைக் கேளாமல் விட்டவர்கள் வீணாக வரி கட்டுகிறார்கள்.

இரண்டாம் வருஷம் முழுவதும் அங்கேயே இருந்தால் பையன் வெளிநாட்டு வாசி. அங்கத்திய சம்பளம் இங்கே கணக்கில் வராது. திரும்பும் வருஷத்தில் மீண்டும் கவனம் வேண்டும். அவன் 2027 டிசம்பரில் ஊரோடு வந்துவிட்டால், மார்ச்சுக்குள் 60 நாள் கடந்து வாசியாகிவிடுவான். ஏப்ரல் முதல் அங்கே வாங்கிய முழுநேரச் சம்பளமும் கேள்விக்கு உள்ளாகும். அங்கும் வாசி, இங்கும் வாசி என்று வந்தால் ஒப்பந்தமே தீர்ப்புச் சொல்லும். அது கணக்காளரை அணுகவேண்டிய கட்டம். 2026 ஏப்ரல் 1இல் தொடங்கும் வருஷம் முதல் 2025ஆம் வருஷத்துப் புதிய சட்டம் ஆள்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறினாலும் நாள் கணக்கு மாறவில்லை.

அங்கத்தினரிடம் நாம் கேட்டுக்கொண்டது இவ்வளவே: கடவுச்சீட்டில் முத்திரையிட்ட பக்கங்கள், சம்பளச் சீட்டுகள், முதலாளி தரும் பி-60 அல்லது பி-45 தாள், வங்கிக் கணக்கின் விவரம் ஆகியவற்றைப் பையனிடம் கேட்டு வாங்கி, ஜூலை 31 கெடுவுக்கு முன்பே கணக்காளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அன்று மாலையே மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டதாக அவர் தெரிவித்தார்.