சூடான கார் ஏன் மீண்டும் கிளம்ப மறுக்கிறது?

மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்னமும் ஒரு பழைய கார் இருக்கிறது. பத்மினி, அம்பாசடர், கார்புரேட்டர் வைத்த மாருதி 800 என்று ஏதோ ஒன்று. அம்பாசடரும் மாருதி 800-உம் 2014-இல் உற்பத்தி நின்றுபோனவை. ஆயினும் அப்பா வாங்கிய வண்டி என்பதற்காகவே விற்க மனமின்றி வைத்திருப்போர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

இவ்வண்டிகளுக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. காலையில் உடனே கிளம்பும்; குண்டலுப்பேட்டை வரை குறையின்றி ஓடும். காபி குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் கிளம்பாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

ஊட்டி வழியாகவோ, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தோ ஊருக்குப் போகும் நமக்கு இது சிறு தொல்லை அன்று. பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை தனியார் வண்டிகளுக்கு மூடப்படுகிறது. பெரியவர்களோடும் குழந்தைகளோடும் மாலை நேரத்தில் வழியில் நிற்க நேர்ந்தால் என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

காரணம் இதுதான். வண்டி ஓடும்போது விசிறியும் தண்ணீரும் எஞ்சினைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய சூடு மேலேறி பானெட்டுக்குள் பரவும். அடுத்த பத்து, இருபது நிமிடங்களில் கார்புரேட்டரும் பெட்ரோல் பம்பும், ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாகும். பெட்ரோலின் இலேசான பகுதியோ 40 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 760 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கொதிநிலை இன்னும் சற்றுக் குறையும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வண்டி ஆறிவிடும்; பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணம்தான் கரையும். ஆகவே வண்டி கிளம்பாத அந்த நேரத்திலேயே, சூடு ஆறுமுன், மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

1. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறதா? "டிக்" என்ற ஒலி மட்டும் வந்தாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, பேட்டரி முனைகள், எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் மின்தடை கூடும்.

2. பெட்ரோல் சரியாக வருகிறதா? வாடை குப்பென்று அடித்தால் ஓவர்ஃப்ளோ. கொதித்த பெட்ரோல் எஞ்சினுக்குள் வழிந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, விட்டு விட்டு அமுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வாடை இல்லையென்றால், எஞ்சினைச் சுற்றாமல், ஏர் ஃபில்ட்டரைத் திறந்து ஆக்ஸிலரேட்டரைக் கையால் இழுத்துப் பாருங்கள். பல கார்புரேட்டர்களில் உள்ளே பெட்ரோல் பீச்சுவது தெரியும். பீச்சவில்லையென்றால் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். இதுவே வேப்பர் லாக். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் போட்டுக் காத்திருங்கள்.

3. பிளக்கில் பொறி வருகிறதா? பெட்ரோல் வாடை இல்லாதபோது மட்டும் இதைச் செய்யவும். ஏர் ஃபில்ட்டரை மூடிவிட்டு, கைவசமுள்ள ஒரு பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பைத் தொடும்படி வையுங்கள். கையால் பிடிக்காமல் இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் பொறி நல்லது. மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் காயில் அல்லது கண்டென்சர் சூட்டில் படுத்துவிடுகிறது என்று கொள்ளலாம். கண்டென்சர் விலை குறைவு. முதலில் அதை மாற்றிப் பார்க்கலாம்.

எச்சரிக்கை: அருகில் பீடி, சிகரெட் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கி இச்சோதனைகளைச் செய்யாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, மூன்று கேள்விகளுக்கும் என்ன விடை என்று ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். அரை நாள் தேடல் அரை மணியில் முடியும். ஊருக்குப் புறப்படுமுன் பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இன்று கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை விரைவில் கெடுக்கிறது.