மின்சுங் கலை (தென் கொரியா)

மின்சுங் கலை என்பது 1980-களில் தென் கொரியாவில், இராணுவ ஆட்சியை எதிர்த்த மக்கள் போராட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த ஓவிய இயக்கம் ஆகும். 'மின்சுங்' என்ற கொரியச் சொல் அதிகாரம் இல்லாத எளிய மக்களைக் குறிக்கும். இவ்வியக்கத்தில் இருந்தவர்களில் பலர் இளைஞர்கள். மாணவர், ஆலைத் தொழிலாளர், உழவர் ஆகியோரின் பாடுகளே இவர்களின் கருப்பொருள்.

தோற்றம்

1980 மே மாதம் இராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 18-ஆம் நாள் குவாங்ஜு நகரில், பல்கலைக்கழக வாசலில் கூடிய மாணவர்களைப் படையினர் தாக்கினர். நகர மக்கள் மாணவர் பக்கம் நின்றனர். 27-ஆம் நாள் விடியற்காலையில் இராணுவம் நகரை மீண்டும் கைப்பற்றியது. தணிக்கை காரணமாக நடந்தவற்றைச் செய்தித்தாள்களால் எழுத முடியவில்லை.

அந்த எழுச்சியில் பங்கேற்ற ஓவியர் ஹொங் சொங்தாம், தாம் கண்டவற்றை மரப்பலகையில் செதுக்கி அச்சுப் படங்களாக வெளியிட்டார். உருளைக்கிழங்கை வெட்டி, மை தொட்டு, நோட்டில் அச்சு வைத்து விளையாடிய மாணவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். பலகையில் மேடாக விட்ட பகுதி மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். பலகையும் உளியும் இருந்தால் போதும். அச்சகத்தின் தயவு வேண்டாம். ஒரு படத்தைப் பறிமுதல் செய்தால் அதே பலகையிலிருந்து இன்னும் நூறு எடுக்கலாம். 1983-இல் குவாங்ஜுவில் தொடங்கிய குடிமக்கள் கலைப்பள்ளியில், தூரிகை பிடித்தே அறியாதவர்களும் இதைக் கற்றனர்.

1985-இல் சியோலில் இருபது வயதுகளில் இருந்த ஓவியர்கள், தங்கள் வயதையே தலைப்பில் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினர். காவல்துறை ஓவியங்களைப் பறிமுதல் செய்து ஓவியர்களைக் கைது செய்தது.

லீ ஹன்யோல் படம்

இவ்வியக்கத்தின் மிகவும் அறியப்பட்ட படத்தைச் செதுக்கியவர் கலைக்கல்லூரியில் படித்தவர் அல்லர். சோய் பியோங்சூ ஒரு தச்சர். 1986-இல் சுவரோவியம் வரைந்தவர்களுக்கு ஏணி செய்து கொடுக்கப் போன இடத்தில் அவரும் பிடிபட்டார். விசாரணைத் தாளில் காவலர்கள் அவர் தொழிலை 'ஓவியர்' என்று எழுதிவிட்டனர். காவல்துறை ஒருவருக்குக் கொடுத்த பட்டங்களில் இதைப்போல் பொருத்தமாக அமைந்தது வேறு இருக்குமா என்பது ஐயமே.

1987 ஜூன் 9 அன்று யோன்செய் பல்கலைக்கழக வாயிலருகே கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று லீ ஹன்யோல் என்ற 20 வயது மாணவரின் தலையில் பாய்ந்தது. சாய்ந்து விழும் அவரை நண்பர் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருக்கும் புகைப்படம் செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்த சோய் அக்காட்சியை மரத்தில் செதுக்கினார். சிறு துணிகளில் அச்சிட்ட அப்படத்தை மாணவர்கள் நெஞ்சில் குத்திக்கொண்டனர். பிறகு அதே படம் மிகப்பெரிய துணியில் வரையப்பட்டு, மாணவர் மன்றக் கட்டடத்தின் முகப்பில் தொங்கவிடப்பட்டது. இத்தகைய தொங்கு ஓவியம் கொரியாவுக்குப் புதிதன்று; பெருவிழாக்களில் பௌத்தக் கோயில் முற்றத்தில் உயரத் தொங்கவிடும் புத்தர் ஓவியமே அதன் முன்மாதிரி. புத்தர் இருந்த இடத்தில் இப்போது இரத்தம் வழியும் ஒரு மாணவன்.

படத்தில் எழுதியிருந்த கோரிக்கை, ஹன்யோலை உயிரோடு திருப்பித் தரவேண்டும் என்பது. ஜூன் 29 அன்று ஆளும் தரப்பு நேரடிக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இணங்கியது. ஹன்யோல் நினைவு திரும்பாமலே ஜூலை 5 அன்று இறந்தார்.

பின்னர்

தேர்தல் வந்த பிறகும் ஓவியர்கள் மீதான வழக்குகள் நிற்கவில்லை. 1989-இல் ஹொங் சொங்தாம், கூட்டாக வரைந்த சுவரோவியம் ஒன்றின் படங்களை வட கொரியாவுக்கு அனுப்பியதற்காகத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறைப்பட்டார். 1994-இல் அரசின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகமே மின்சுங் கலைக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. இது அங்கீகாரமா, இயக்கத்துக்கு நடத்திய இறுதிச்சடங்கா என்று அப்போதே விமர்சகர்கள் கேட்டனர். அந்த நேரத்திலும் ஷின் ஹாக்சுல் வரைந்த 'நாற்று நடுதல்' ஓவியம், 1989-இல் பறிமுதல் செய்யப்பட்டபடியே அரசு வழக்கறிஞர் துறையின் வசம் கிடந்தது. 2018-இல் அது அருங்காட்சியகத்தின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டது. ஓவியரிடம் திருப்பித் தரப்படவில்லை.