தலைக்கவசம்: அழகு பார்த்து வாங்கலாமா?

விடியற்காலையில் மொத்த மார்க்கெட் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் நம் வணிகர்கள் தலைக்கவசத்தை எங்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். சிலர் வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருப்பார்கள். சிலர் முழங்கையில் வளையல் போல் கோத்திருப்பார்கள். பருப்பு மூட்டைக்கு மேல் கயிற்றால் கட்டி வைத்தவர்களும் உண்டு. போலீஸ்காரர் நிற்கும் முனை வரும்போது மட்டும் அது தலைக்கு ஏறும். தலையில் வைத்திருப்பவர்களிலும் தாடைப் பட்டையை மாட்டியவர் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே போதும்.

நமது மாநிலத்தில் 2007 ஜூன் முதல் தேதியிலும், பிறகு உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2015 ஜூலை முதல் தேதியிலும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். அந்த இரண்டு முறையும் சாலையோரத்தில் குவித்து வைத்து விற்றவர்கள் நல்ல வியாபாரம் பார்த்தார்கள். அன்று நம்மில் பலர் வாங்கியது அபராதத்துக்குப் பயந்துதான். இன்றோ கடைக்குள் நுழைந்ததும் "வண்டி கலருக்கு மேட்சாக இருக்கிறதா?" என்று கேட்கிறோம். வீட்டுப் பையன்கள் கொம்பு வைத்தது, குடுமி வைத்தது, மண்டை ஓடு படம் போட்டது என்று கேட்கிறார்கள். சரக்கின் தரம் பார்த்து வாங்குவதையே தொழிலாகக் கொண்ட நாம், துவரம்பருப்பைக் கையில் அள்ளி முகர்ந்து, பல்லில் கடித்துப் பார்த்து மூட்டை எடுக்கிற நாம், இந்த ஒரு பொருளில் மட்டும் மேல்பூச்சைப் பார்த்து ஏமாறுகிறோம்.

தலைக்கவசம் எப்படி வேலை செய்கிறது என்பதை முட்டை விற்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். முட்டையைத் தகர டப்பாவில் போட்டு மூடிக் கீழே போட்டால் டப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே முட்டை உடைந்திருக்கும். அதே முட்டையை உமிக்குள் புதைத்து வைத்தால் தப்பும். அடியின் வேகத்தை உமி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. தலைக்கவசத்தின் வெளி ஓடு அந்த டப்பா மாதிரிதான். அது அடியைப் பரவலாக்கும், கூரான பொருள் உள்ளே இறங்காமல் தடுக்கும், சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மூளையைக் காப்பாற்றுவது அதன் உள்ளே ஒட்டியிருக்கும் கெட்டியான தெர்மக்கோல். அடிபட்டதும் அது நசுங்குகிறது. அது நசுங்க எடுத்துக்கொள்ளும் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிதான் மண்டைக்குள் மூளை போய் மோதாமல் காக்கிறது.

தலையில் படும்போது மெத்தென்று சுகமாக இருப்பது பஞ்சுத் துணி. அது வியர்வைக்கும் வசதிக்கும் உதவுமே தவிர உயிருக்கு உதவாது. சாலையோர மலிவுச் சரக்குகளில் இந்தப் பஞ்சை விலக்கிப் பார்த்தால் தெர்மக்கோலே இராது, அல்லது பெயருக்கு ஒரு மெல்லிய தகடு இருக்கும். வாங்கும்போது துணியை ஓரமாக விலக்கிப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

"பக்கத்துத் தெருவுக்குத்தானே, இருபதில்தானே போகிறேன்" என்று சொல்வோர் நம்மிடையே அதிகம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் ஐந்தடி உயரத்திலிருந்து தலை தரையில் விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டி ஓடவே வேண்டாம். நின்ற இடத்தில் மூட்டை பாரத்தால் சாய்ந்து கல்லில் தலை பட்டாலே அந்த வேகம் வந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பையன் மழைச் சகதியில் இப்படித்தான் சறுக்கினான். தலைக்கவசம் போட்டிருந்தான், பட்டை மாட்டவில்லை. அது கழன்று சாக்கடை வரை உருண்டு போனது. நெற்றியில் ஏழு தையல். அவன் முதலாளி இன்றும் அந்தப் பட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்.

முத்திரை விஷயத்துக்கு வருவோம். எடைக்கல்லுக்கு முத்திரை இல்லாவிட்டால் நமக்கு என்ன ஆகும் என்பது தெரியும். தலைக்கவசத்துக்கும் அப்படித்தான். 2021 ஜூன் முதல் தேதி முதல், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத இரு சக்கர வாகனத் தலைக்கவசத்தை இந்நாட்டில் உற்பத்தி செய்யவோ விற்கவோ கூடாது. கடை வாசலில் நாலைந்து தலைக்கவசங்களைத் தொங்கவிட்டு விற்கும் சிறு வணிகர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று முத்திரையில்லாச் சரக்கை எடுத்து வைத்தால் தண்டனைக்கு உள்ளாவது தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும்தான்.

முத்திரையிலும் போலி உண்டு. அசல் முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனியின் உரிமம் என்பது வந்துவிடும். ஒட்டியிருக்கும் பெயரும் அதில் வரும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கட்டடத் தொழிலாளர் போடும் மஞ்சள் தொப்பியிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கலாம்; அதன் எண் 2925. மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்குவதற்காகச் செய்தது அது. அதைப் போட்டுக்கொண்டு மொபெட்டில் போவதால் பயனில்லை.

அழகென்று நாம் நினைக்கும் சில சங்கதிகள் ஆபத்தாகவே முடிகின்றன. கொம்பும் குடுமியும் சாலையில் உரசும்போது வழுக்காமல் மாட்டிக்கொள்ளும், கழுத்து திருகும். ஓடு உருண்டையாக, வழவழப்பாக இருப்பதே அந்தக் காரணத்துக்காகத்தான். கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி பகலில் கம்பீரமாக இருக்கும். ஆனால் நாம் கடை அடைத்து வீடு திரும்புவது இரவு பத்து மணிக்கு. விளக்கில்லாத தெருவில் எதிரே வரும் மாட்டு வண்டி அதில் தெரியாது. கடை வைத்திருப்பவருக்குத் தெளிந்த கண்ணாடிதான் ஏற்றது. தலைக்கவசத்துக்குத் தானாக வர்ணம் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தெர்மக்கோலில் பெட்ரோல் ஊற்றினால் கரைந்து போவதை நாம் பார்த்திருக்கிறோம். தின்னர் கலந்த வர்ணமும் அதே வகைதான். ஓடு பார்க்கப் புதிதாக மின்னும், உள்ளே பலம் போயிருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் கறை துடைப்பதும் கூடாது. சோப்புத் தண்ணீர் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் அழகும் பாதுகாப்பும் ஒத்துப் போகின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்து வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்புத் தலைக்கவசம் அணிந்தவர்களைவிட வெள்ளை அணிந்தவர்கள் விபத்தில் காயமடையும் வாய்ப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே, எதிரே வருபவர் கண்ணுக்கு வெள்ளை சீக்கிரம் படும். வெயிலிலும் வெள்ளை அவ்வளவாகச் சூடேறாது. அழுக்குத் தெரியும் என்று சொல்லி நாம் கறுப்பையே எடுக்கிறோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி உடுத்தும் வியாபாரிக்கு வெள்ளைத் தலைக்கவசம் பொருந்தாமலா போகும்?

முகம் முழுவதும் மூடுவதா, திறந்ததா என்ற கேள்விக்கு எங்கள் பதில் முழுதாக மூடியதே. விழும்போது தாடையும் பல்லும் தரையில் படுவது மிகச் சாதாரணம். திறந்த வகை அங்கே கைகொடுக்காது. காதுக்கு மேலேயே நின்றுவிடும் அரைத் தொப்பி வகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டபடியே தலைக்கவசத்தை அணிந்து பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த மறுநாளே அது பரணுக்குப் போய்விடும்.

அளவு இன்னும் முக்கியம். புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளவு நாடா வைத்தால் 58 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் என்று கிடைக்கும். தலைக்கவசத்தின் உள்ளே 580, 600 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பது அதுதான். பெரிய குழியில் வைத்த சின்ன முட்டை ஆடிக்கொண்டே இருந்து உடைவது போல், தொளதொளப்பான தலைக்கவசத்துக்குள் தலையும் ஆடும். அணிந்து பட்டையை மாட்டிக்கொண்டு தலையை வேகமாக ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து ஆட வேண்டும். பிறகு பின்புறத்தைப் பிடித்து முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் வேண்டாம். புதிதில் கன்னத்தை இறுக்கும், சில வாரங்களில் பஞ்சு படிந்துவிடும். முதல் நாளே சுகமாக இருப்பது ஆறாவது மாதம் ஆட ஆரம்பிக்கும்.

விலை ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. முத்திரை பெற்ற நல்ல தலைக்கவசம் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் தலைக்கவசமின்றிப் பிடிபட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய் என்று 2022 அக்டோபரில் உயர்த்தினார்கள். இதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு படத்துக்கும், காற்றுத் துளைக்கும், பெயருக்கும் போகிறது. கையில் பணமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் மூவாயிரம் கொடுத்த தலைக்கவசம் தொளதொளப்பாக இருந்தால், சரியான அளவில் வாங்கிய ஆயிரம் ரூபாய்த் தலைக்கவசமே மேல். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு கணக்குப்படி தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. முழுதாகத் தடுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு முறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மறுபடி அணியக் கூடாது. நசுங்கிய தெர்மக்கோல் பழையபடி எழும்பாது, வெளியே கீறல் கூடத் தெரியாமலிருக்கலாம். அடிபடாவிட்டாலும் ஐந்தாண்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது. பழையதைக் கடைப்பையனுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நமக்கு உதவாதது அவனுக்கு மட்டும் எப்படி உதவும்? வீடு வீடாகச் சரக்குக் கொண்டு போகிறவனுக்கு அவன் தலை அளவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துக் கடைச் செலவில் எழுதிவிடலாம். பழையதைக் குப்பையில் போடுமுன் அதன் பட்டையை அரிவாளால் அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்வார்கள்.