ஜவ்வு மிட்டாயும் தலைக்கவசமும்

காலை எட்டரை மணிக்குச் சரவணம்பட்டியில் சத்தி ரோட்டோரம் நின்று பாருங்கள். அம்மா ஸ்கூட்டர் ஓட்டுவார், தலையில் கவசம். பின்னால் இருக்கும் குழந்தை தலையில் ரிப்பன் மட்டும்! "பக்கத்துலதானுங்க ஸ்கூல்" என்பார்கள்.

ஜவ்வு மிட்டாயை மெதுவாக இழுத்தால் நூலாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுந்துபோகும். மிட்டாய் அதேதான், வேகம்தான் வேறு. பிளாஸ்டிக்கின் குணமும் இதுதான். அதனுள் இருப்பவை சிக்கிக் கிடக்கும் நூல் போன்ற நீளச் சங்கிலிகள். நிதானமாக அழுத்தினால் நழுவி இடம் கொடுக்கும். திடீரென்று மோதினால் நழுவ நேரமில்லை, உடைந்துவிடும். குளிர் அதிகமானாலும் அப்படியே. அதனால்தான் கார் பம்பருக்கான பாலிப்ரொப்பிலீனில் ரப்பர் தன்மையுள்ள பொருளையும் கலக்கிறார்கள்.

வண்டி எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சம். ஆனால் இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் வைத்தால் மோதலில் தாங்குமா? அதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். நாம் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வண்டி முழுக்கப் புள்ளி வைத்து, விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்கிறது என்று பார்ப்பார்கள். இவ்வகைக் கணக்கில் பேர் பெற்ற 'டைனா-3டி'யை 1976-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் எழுதினார். குண்டு தரையில் மோதுவதை அறியப் பிறந்தது, இன்று உயிர் காக்க உதவுகிறது! கணக்கு சரியா என்று நிஜக் காரையும் மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 2023-இல் தொடங்கிய 'பாரத் என்கேப்' சோதனையில் கார் 64 கி.மீ. வேகத்தில் முன்புறம் மோதுகிறது.

காருக்கு இத்தனை. ஸ்கூட்டரில் போகிறவருக்கு? தலைக்கவசம் ஒன்றுதான். வெளி ஓடு ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக். உள்ளே தெர்மோகோல். அது நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்ளும். நசுங்கியது மறுபடி உப்பாது. ஆகவே பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தள்ளுபடி. "பார்க்க நல்லாத்தானே இருக்குது" என்று தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைக்குக் கவசத்தோடு, ஓட்டுபவருடன் பிணைக்கும் வாரும் வேண்டும். வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது. இது 2022-இல் வந்த விதி. பெரியவர் கவசம் குழந்தைக்கு ஆகாது, கழன்று ஓடிவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தலையை அசைத்தால் ஆடாததாக வாங்குங்கள். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் வாங்கியதே வீண்.

இன்னொன்று: கறை போகப் பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்காதீர்கள், ஓடு பலவீனமாகிவிடும். இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.