பெயரும் செயலும்: புவனேசுவர விமான நிலையம்

விமான நிலையங்களுக்கும் அவற்றை அடையும் வீதிகளுக்கும் அவ்வூர்ப் பெரியோரின் பெயரை இடுதல் இக்காலத்து வழக்கு. வவுனியா மாவட்டச் செயலகத்தருகே நிற்கும் பண்டாரவன்னியன் சிலையைப் போல, அப்பெயர்களும் வழிச்செல்வோர்க்கு வரலாற்றை நினைவூட்டல் வேண்டும். பெயரை நிலைநிறுத்திச் செயலை மறந்துவிடின், அது வெறும் இடக்குறியாகவே எஞ்சும். இவ்வுண்மைக்கு ஒடிசாவின் தலைநகராகிய புவனேசுவரத்து விமான நிலையம் தக்க சான்றாகும்.

அந்நிலையம் பிஜு பட்நாயக்கின் பெயரைத் தாங்குவது. 1916 ஆம் ஆண்டு அண்மையிலுள்ள கட்டாக்கிற் பிறந்த அவர், கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு விமானம் செலுத்தப் பயின்றார். பிற்காலத்தில் இருமுறை முதலமைச்சராயினார். ஆதலின், பதவியாலேயே அப்பெருமை வாய்த்ததெனப் பலர் கருதக்கூடும். ஆயின், வானோடியாக அவர் ஆற்றிய செயல் பதவியினும் பெரிது.

1947 யூலை 21 இல் ஒல்லாந்தர் இந்தோனேசியக் குடியரசின்மீது படையெடுத்தனர். கடலும் வானும் அவர்தம் காவலில் இருந்தன. குடியரசின் முன்னாட் பிரதமர் சுதன் சியாரிரை வெளிக்கொணர நேரு விரும்பினார். பட்நாயக், தாமும் விமானம் செலுத்த வல்லவரான மனைவி ஞானுடன் டக்கோட்டா விமானத்திற் சென்று, சியாரிரைச் சிங்கப்பூர் வழியாக இந்தியா சேர்த்தார். அப்பயணத்தின் இடர் எத்தகையது என்பதை அடுத்த நிகழ்ச்சி உணர்த்தும். யூலை 29 இல் மருந்துப் பொருள் கொண்டுசென்ற அவரது மற்றொரு டக்கோட்டாவை ஒல்லாந்தர் யோக்கியகர்த்தா அருகே சுட்டு வீழ்த்தினர். ஆகத்து 14 இல் சியாரிர் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் தம் நாட்டின் வழக்கை எடுத்துரைத்தார். இந்தோனேசியா பட்நாயக்குக்குப் ‘பூமிபுத்ரா’ என்னும் சிறப்பை அளித்தது.

இத்தகையார் பெயர் புவனேசுவரத்தில் விளங்க, அவரது கலிங்க விமான நிறுவனத்தின் டக்கோட்டா ஒன்று கொல்கத்தா விமான நிலையத்திற் பல்லாண்டு பயனற்றுக் கிடந்தது. 2023 சனவரியில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பாரவூர்திகளில் ஏற்றிப் புவனேசுவரம் கொணர்ந்தனர். மீளப் பொருத்தி, அவர் பிறந்த நாளாகிய மார்ச்சு 5 இல் மக்கள் காணத் திறந்துவைத்தனர். வானிற் பறந்த ஊர்தி வீதிவழியே ஊர் திரும்பிற்று.

பெயர்ப்பலகை இன்னாரென்று மட்டுமே கூறும். அவர் என் செய்தார் என்று கேட்கத் தூண்டுவது அந்தப் பழைய விமானமே. அவ்வினாவுக்கு விடை கூறுவோர் உள்ளவரையிலேயே பெயர் உயிருடன் வாழும். வீதிகளுக்குப் பெயரிடுவோரும், அவ்வீதிகளில் நடக்கும் மாணாக்கரும் இதனை மனங்கொள்ளல் நன்று.