அடுத்த ஆட்டத்துக்குள் உடல் தேற வேண்டும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் வாட்டர் போலோ தங்கத்தை வென்ற செர்பிய அணி, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 11 வரையிலான 15 நாள்களில் 8 ஆட்டங்கள் ஆடியது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கிடைத்தது ஒரே ஒரு ஓய்வுநாள். இப்படி நெருக்கமாக ஆட்டங்கள் வரும் போட்டித்தொடர்களில், கரையேறிய வீரரின் உடல் எவ்வளவு விரைவாகத் தேறுகிறது என்பதும் வெற்றியைத் தீர்மானிக்கும்.

சுமை விழும் இடங்கள்

ஆட்டம் தலா 8 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிற்பதால், நீரில் கழியும் நேரம் இதைவிட அதிகம். கோல்கீப்பரைத் தவிர யாரும் குளத்தின் அடியில் காலூன்றக் கூடாது. இரு கால்களையும் மாறி மாறி வட்டமாகச் சுழற்றியே மிதக்கிறார்கள். இதற்கு எக்பீட்டர் கிக் என்று பெயர். இந்தச் சுழற்சி உள்தொடையையும் முழங்காலின் உட்புறத்தையும் வருத்துகிறது. நீந்துவதும் எறிவதும் ஒரே தோளின் மேல் விழுகின்றன. கோலுக்கு முன்னால் நிற்கும் சென்டர் வீரருக்கு மல்லுக்கட்டலும் சேர்கிறது. ஆகவே ஒரே அணியில் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது.

முதல் ஒரு மணி நேரம்

ஆட்டம் முடிந்ததும் 10 முதல் 15 நிமிடம் மெதுவாக நீந்தச் சொல்வது வழக்கம். இது ரத்தத்தில் சேர்ந்த லாக்டேட்டை விரைவாகக் குறைக்கும். ஆனால் சும்மா இருந்தாலும் அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். மறுநாள் வரும் தசைவலிக்கும் அது காரணமில்லை. எனவே, அதே நாளில் இன்னொரு ஆட்டமோ பயிற்சியோ இருந்தால்தான் இந்த நீச்சலின் பயன் பெரிது.

நீருக்குள் வியர்ப்பது கண்ணுக்குத் தெரியாது. தாகமும் சரியாக உறைக்காது. அதனால் பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புச்சத்துடன், சில மணி நேரத்தில் குடிக்கச் சொல்கிறார்கள்.

எட்டு மணி நேரத்துக்குள் மீண்டும் ஆட வேண்டுமானால், முதல் நான்கு மணி நேரத்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து தேவை. 90 கிலோ வீரருக்கு இது மணிக்குச் சுமார் 100 கிராம். ஏறக்குறைய 350 கிராம் சோற்றில் உள்ள அளவு. தசை சீராக, 25 முதல் 30 கிராம் புரதமும் சேர்க்கப்படுகிறது. அடுத்த ஆட்டம் இரண்டு நாள் கழித்து என்றால் இந்த அவசரம் இல்லை. வழக்கமான நல்ல சாப்பாடே போதும்.

குளிர்நீர் எப்போது?

10 முதல் 15 டிகிரி செல்சியஸ் நீரில் 10 முதல் 15 நிமிடம் அமிழ்ந்திருப்பது தசைவலியைத் தணிக்கும். ஆனால் வலுப்பயிற்சிக்குப் பின் தொடர்ந்து இப்படிச் செய்தால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆகவே தசையை வளர்க்கும் பயிற்சிக் காலத்தில் குளிர்நீரைத் தவிர்த்து, போட்டித்தொடரின்போது பயன்படுத்துவதே பொருத்தம்.

மறுநாள்

தோள் வலிப்பவருக்கு எறிதல்களின் எண்ணிக்கை குறைக்கப்படுகிறது. கால் பயிற்சி தொடரும். உள்தொடை இறுகியவர் எக்பீட்டரை விட்டு, இலகுவாக ஃப்ரீஸ்டைல் நீந்துவார். தோளின் பின்பக்கத்துக்கு நீட்சிப் பயிற்சியும், மூட்டை வெளிப்புறமாகத் திருப்பும் தசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சியும் அன்றாட வேலை.

எல்லாவற்றிலும் பெரிய மருந்து தூக்கம்தான். இரவு ஆட்டத்தின் பரபரப்பு அடங்க நேரமாகும் என்பதால், மறுநாள் காலைப் பயிற்சியைத் தள்ளிவைப்பதும் மதியம் சிறிது தூங்கவைப்பதும் உண்டு.

சுமையை அளக்க எளிய வழி இருக்கிறது. பயிற்சி எவ்வளவு கடினம் என்று வீரர் பத்துக்கு ஒரு மதிப்பெண் தருவார். அதை நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடத்துக்கு 7 மதிப்பெண் என்றால் சுமை 630. தூக்கம், வலி, மனநிலை பற்றிக் காலையில் கேட்கும் சில கேள்விகளும் இதனுடன் சேரும். சுமை ஏறியும் தூக்கம் குறைந்தும் வருகிற வீரருக்கு, களைப்பு காயமாக மாறுவதற்கு முன்பே பயிற்சி குறைக்கப்படுகிறது.