ஒரு சோறு பதமா?

வென்ற அணியைப் பற்றிப் பேச அதன் அன்பர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். தோற்ற அணியைப் பற்றிப் பேசவோ ஓர் இரவு போதாது. நேற்றுவரை வாயாரப் புகழப்பட்ட ஆட்டமுறையே இன்று வசைக்கு இலக்காகும். கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி! எந்த நாட்டு ரசிகரும் இதற்கு விலக்கல்லர். எனினும், 2018 மார்ச் 16ஆம் நாள் இரவு அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தோற்றபோது அதன் அன்பர்களிடையே மூண்ட விவாதம் வெறும் வசைபாடலாக முடிந்துவிடவில்லை. ஓர் அணியின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே ஆட்டத்தை வைத்து அளந்துவிட முடியுமா என்னும் கேள்வியை அது எழுப்பிற்று. அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே ஒரு பயிற்சியாளர் தம் தந்தையிடமிருந்து பெற்ற முறையின் கதியும், இருபது வயதை ஒட்டிய சில இளைஞர்களின் மன அமைதியும் இருந்தன.

அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடைபெறும் இப்போட்டியில் ஒருமுறை தோற்றவர் ஊர் திரும்ப வேண்டியதுதான். அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் தகுதி வரிசைப்படி 1 முதல் 16 வரை இடம் பெறும். முதல் சுற்றில் முதலிடத்து அணி பதினாறாம் இடத்து அணியைச் சந்திக்கும். 1985இல் இந்த ஏற்பாடு வந்த நாள்தொட்டு ஆடவர் போட்டியில் இவ்விதம் நடந்த 135 ஆட்டங்களிலும் முதலிடத்து அணியே வென்றிருந்தது. மகளிர் போட்டியில் மட்டும் 1998இல் ஹார்வர்டு அணி ஸ்டான்ஃபோர்டை வீழ்த்தியதுண்டு.

வர்ஜீனியா அவ்வாண்டு முதலிடத்து அணிகள் நான்கிலும் முதன்மையானது. 31 வெற்றிகள், இரண்டே தோல்விகள். எதிரே நின்ற அணி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தைச் சேர்ந்தது. கூடைப்பந்தைவிடச் சதுரங்கத்தால் பெயர் பெற்ற வளாகம் அது! அதே பருவத்தின் ஜனவரி மாதத்தில் ஆல்பனி அணியிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்த அணி. அதன் ஆட்டத்தை நடத்திய கே. ஜே. மோராவின் உயரம் 5 அடி 8 அங்குலம்.

சார்லட் நகரில் நடந்த ஆட்டத்தின் முதற்பாதி 21-21 என்று சமமாக முடிந்தது. இரண்டாம் பாதியில் ஜெய்ரஸ் லைல்ஸ் என்னும் வீரர் தொட்டதெல்லாம் கூடைக்குள் விழுந்தது. அவர் ஒருவரே 28 புள்ளிகள் எடுத்தார். முடிவு 74-54. பருவம் முழுவதும் எதிரணிகளுக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 54 புள்ளிகளே கொடுத்துவந்த வர்ஜீனியா, அன்று இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகளைப் பறிகொடுத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கல் அன்று, விழுதலே நேர்ந்தது.

கூடையைச் சுற்றி ஓர் அரண்

அவ்வணியின் பலம் என்று அன்பர்கள் கொண்டாடியது எது? பயிற்சியாளர் டோனி பென்னட் 2009இல் அங்கு வந்தபோது, தம் தந்தை டிக் பென்னட் விஸ்கான்சின் மாநிலத்தில் வகுத்த தடுப்பாட்ட முறையை உடன் கொண்டுவந்தார். பந்தை வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார். மற்ற நால்வரும் கூடையிலிருந்து ஏறத்தாழ 16 அடித் தொலைவில் வரைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு கோட்டுக்குள் நெருங்கி நிற்பர். உள்ளே ஊடுருவ வழியிராது. தங்கள் கைக்குப் பந்து வந்தாலோ, எறிவதற்கு அனுமதிக்கப்பட்ட 30 வினாடிகளில் பெரும்பகுதியைப் பொறுமையாகச் செலவிட்டு, நல்ல வாய்ப்பு வந்த பிறகே எறிவார்கள். பந்தை வீணே இழக்கமாட்டார்கள். பார்ப்பதற்கு விறுவிறுப்பில்லை என்று பிற ஊரார் கேலி செய்தனர். சார்லட்ஸ்வில் நகரத்து அன்பர்களோ அந்தக் கேலியையே ஒரு பட்டமாகச் சூடிக்கொண்டனர்.

தோல்வியின் மறுநாள் குற்றச்சாட்டுக்கு உள்ளானதும் அதே முறைதான்.

மெதுவாக ஆடுவதே தவறு என்றனர் ஒரு சாரார். இக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இதில் கணக்கு இருக்கிறது. ஐந்து நாள் கிரிக்கெட்டில் வலிய அணியை எளிய அணி வெல்வது அரிது. இருபது ஓவரில் அது அடிக்கடி நிகழ்கிறது. வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. கூடைப்பந்தில் ஓர் அணி மெதுவாக ஆடினால் இரு அணிகளுக்கும் பந்து கைக்கு வரும் தடவைகள் குறையும். ஆகவே தன்னைவிட எளிய அணியை எதிர்த்து வர்ஜீனியா மெதுவாக ஆடுவது, வலியவன் தானே முன்வந்து எளியவனுக்குச் சலுகை தருவதாகும் என்பது இவர்கள் வாதம்.

வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் இதே வேகத்தில்தான் அவ்வணி அப்பருவத்தில் 31 ஆட்டங்களை வென்றது என்பதற்கு இவர்களிடம் விடையில்லை. மேலும், 20 புள்ளி வித்தியாசத்தை அதிர்ஷ்டம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியுமா?

அரணுக்கு வெளியே இருக்கும் இடைவெளியைச் சுட்டிக்காட்டினர் வேறு சிலர். கல்லூரிக் கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு அக்காலத்தில் 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. தடுப்பவர்களோ 16 அடிக்குள் நிற்கிறார்கள். எதிரணியினர் பந்தை விரைந்து கைமாற்றினால், தடுப்பவர் ஓடி வந்து சேருமுன் எறிந்துவிடலாம். பால்டிமோர் அணி அன்று மூன்று புள்ளிக்கு 24 முறை எறிந்து 12 முறை வென்றது. வர்ஜீனியா 22 முறை எறிந்து நான்கே முறை வென்றது. பென்னட் கல்லூரி மாணவராக ஆடிய நாளில் மூன்று புள்ளி எறிவில் நூற்றுக்கு 49.7 என்ற தேசியச் சாதனையை நிகழ்த்தியவர். தொழில்முறை வீரராக அவர் ஆடியதும் இதே சார்லட் நகரத்து அணியில்தான். அவரை அந்த நகரிலேயே மூன்று புள்ளி எறிவு வீழ்த்தியது காலத்தின் வேடிக்கை.

ஹன்டர் இல்லாத குறையே காரணம் என்று சமாதானம் கூறியோரும் உண்டு. டியாண்ட்ரே ஹன்டர் உயரமும் விரைவும் ஒருங்கே வாய்ந்தவர். குட்டையான வீரரையும் நெட்டையான வீரரையும் ஒருங்கே தடுக்க வல்லவர். ஆட்டத்துக்குச் சில நாள் முன்னர்தான் அவருடைய மணிக்கட்டு முறிந்தது தெரியவந்தது. அவர் இருந்திருந்தால் 74 புள்ளி போயிருக்காது என்பதை நானும் ஒப்புகிறேன். எனினும், ஒருவர் இல்லாததால் முற்றிலும் குலைந்துபோகும் அணியில் வேறெங்கோ ஒரு விரிசல் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த விரிசலைச் சரியாகத் தொட்டவர்கள், ஆட்டக் கணக்கைப் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த பழைய ரசிகர்கள்தாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குப் பொருந்தும், விளையாட்டுக்குப் பொருந்தாது. ஆனால் இவர்கள் ஒரு சோற்றை மட்டும் பார்க்கவில்லை. 2014இலும் 2015இலும் மிச்சிகன் ஸ்டேட் அணியிடம் தோல்வி. 2016இல் சிரக்கியூஸ் அணியிடம், கையில் இருந்த பெரிய முன்னிலையை இரண்டாம் பாதியில் பறிகொடுத்து 68-62 என்று தோல்வி. 2017இல் ஃபுளோரிடாவிடம் 65-39. இத்தோல்விகளை அடுக்கிப் பார்த்தால் தடுப்பாட்டம் பெரும்பாலும் தன் வேலையைச் செய்திருப்பது தெரியும். புள்ளிகள்தாம் வரவில்லை. எதிரணி முந்திக்கொண்டால் விரைந்து புள்ளி சேர்த்து ஈடுகட்டும் வழி இவ்வணியிடம் இல்லை. முந்தியிருக்கும்வரை பொறுமை ஒரு பலம்; பின்தங்கியவுடன் அதுவே கால்விலங்கு. சார்லட்டில் பத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் பின்தங்கியதும் வர்ஜீனியா வீரர்கள் பழகாத அவசரத்தில் எறிந்ததும், எறிந்தவை தவறியதும் இதன் விளைவே.

இதற்கிடையே, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கைல் கை என்னும் இளைஞர் அன்று 15 புள்ளிகள் எடுத்தவர். ஆட்டம் முடிந்து குனிந்து நின்று கலங்கிய அவருடைய படம் நாடெங்கும் பரவிற்று. தம்மை வாட்டிய மனப்பதற்றத்தைப் பற்றி அவர் அந்த ஆண்டிலேயே பகிரங்கமாக எழுதினார். அந்தப் படத்தைத் தம் கைப்பேசித் திரையிலேயே வைத்துக்கொண்டார். ஆட்டத்தின் குறையைப் பேசுவது ரசிகரின் உரிமை. இருபது வயதுப் பிள்ளையின் முகவரி தேடிச் சென்று ஏசுவது எந்த உரிமையில் சேரும்? பென்னட் அன்றிரவே பத்திரிகையாளர் முன் அமர்ந்து, தம் அணி முற்றிலும் வெல்லப்பட்டது என்பதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். காயத்தைக் காரணம் காட்டி அவர் ஒளிந்துகொள்ளவில்லை.

எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார்?

ரசிகர்களின் கூச்சலுக்கு அவர் முழுதும் செவிசாய்த்திருந்தால் அரணையும் பொறுமையையும் தூக்கி எறிந்திருக்க வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை. 2018-19 பருவத்திலும் வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்றாகவே இருந்தது. தடுப்பு முறையும் மாறவில்லை. மாறியது தாக்குதல். பந்தை வைத்திருப்பவருக்குச் சக வீரர் மறைப்புக் கொடுத்து வழிதிறக்கும் முறையை அதிகமாகக் கையாண்டு, டை ஜெரோம், கைல் கை, ஹன்டர் ஆகிய மூவரும் தாமாகவே புள்ளி தேடும் சுதந்திரத்தை விரிவாக்கினார். கலிபோர்னியாவிலிருந்து கிஹேய் கிளார்க் என்னும் குட்டையான புதுமுகம் வந்து பந்து நடத்தும் சுமையைப் பகிர்ந்துகொண்டார். ஒரு தடவை பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி கிடைக்கிறது என்ற கணக்கில் அவ்வணி நாட்டின் தலையாய தாக்குதல் அணிகளில் ஒன்றாயிற்று. வேகத்துக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை முந்திய ஆண்டு விவாதத்தில் பலர் காணத் தவறியிருந்தனர்.

2019 மார்ச்சில் மீண்டும் முதலிடம். மீண்டும் பதினாறாம் இடத்து அணி. கார்ட்னர்-வெப் கல்லூரி முதற்பாதியில் 14 புள்ளிகள் முந்தியபோது சார்லட்ஸ்வில் வீடுகளில் எத்தனை பேர் மூச்சுவிட மறந்திருப்பார்கள்! வர்ஜீனியா பதறவில்லை, 71-56 என்று வென்றது. பின்தங்கினால் மீளத் தெரியாது என்று பெயரெடுத்த அணி அதன்பின் மீள்வதையே வழக்கமாக்கிக்கொண்டது. பர்டூ அணிக்கு எதிராகக் கடைசி வினாடிகளில், தவறிய ஃப்ரீ த்ரோவிலிருந்து பின்களம் வரை ஓடிய பந்தைக் கிளார்க் துரத்திப் பிடித்து அனுப்ப, கினியா நாட்டைச் சேர்ந்த மமாடி டியாகிட்டே எறிந்து ஆட்டத்தைச் சமமாக்கினார். கூடுதல் நேரத்தில் வெற்றி. ஆபர்ன் அணிக்கு எதிராக ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் எஞ்சியிருக்கையில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், மூன்று ஃப்ரீ த்ரோக்களை எறிய வந்து நின்றவர் கைல் கை. மூன்றையும் கூடைக்குள் செலுத்தினார். 63-62. இறுதியாட்டத்தில் ஹன்டர் 27 புள்ளிகள் எடுக்க, டெக்சாஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக வர்ஜீனியா தேசிய வாகை சூடிற்று.

இத்துடன் விவாதம் ஓய்ந்தது என்று எண்ண வேண்டாம். ஜெரோம், கைல் கை, ஹன்டர் மூவரும் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றபின் பழைய நோய் திரும்பியது. 2021இல் ஓஹாயோ அணியிடம் 62-58. 2023இல் ஃபர்மன் அணியிடம் 68-67. 2024இல் கொலராடோ ஸ்டேட் அணியிடம் 67-42. 2019க்குப் பிறகு பென்னட்டின் அணி மார்ச் போட்டியில் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. முறை சரியானதா, அல்லது அந்த மூவர்தாம் முறையின் குறையை மறைத்தார்களா என்று அன்பர்கள் மீண்டும் பிரிந்து நின்றனர். கல்லூரி விளையாட்டில் பணமும் அணி மாற்றமும் பெருகிவிட்ட புதிய சூழலுக்குத் தாம் ஏற்றவரல்லர் என்று கூறி, 2024 அக்டோபரில், பருவம் தொடங்கவிருந்த வேளையில் பென்னட் ஓய்வு பெற்றார்.

2025 மார்ச்சில் பல்கலைக்கழகம் புதிய பயிற்சியாளரை அறிவித்தது. அவர் பெயர் ரயன் ஓடம். தந்தை வர்ஜீனியா அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது சார்லட்ஸ்வில்லில் வளர்ந்த பிள்ளை. 2018 மார்ச் 16 இரவு, எதிர்ப்பக்கத்து இருக்கையில் பால்டிமோர் அணியின் பயிற்சியாளராக அமர்ந்திருந்தவரும் அவரே.